பிரிஸ்டல் வட்டாரம்: வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களுக்கான ஆதரவுச் சேவைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் நகரை நடுவில் வைத்து, காரில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவுக்கு ஒரு வட்டம் வரைந்தால், வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களுக்கான சேவைகளின் வரலாற்றில் தவிர்க்க முடியாத நான்கு முகவரிகள் அதற்குள் அடங்கிவிடும். தெற்கே பிரென்ட் நோல் என்னும் கிராமத்தில் சாமர்செட் கோர்ட் இருக்கிறது. வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களுக்கென்றே பிரிட்டனில் தொடங்கப்பட்ட முதல் உறைவிடம் அது, ஆண்டு 1974. நகரின் வடகிழக்கு ஓரத்தில், ஹாம்புரூக் பகுதியில், வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. 2011இல் அங்கு நடந்த கொடுமைகள் தொலைக்காட்சியில் வெளியானபின் மூடப்பட்டது. நகருக்குள்ளேயே சவுத்மீட் மருத்துவமனை. 2016 நவம்பரில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர் அங்கே இறந்தார். அதே நகரில்தான் 2009 முதல் பிரிஸ்டல் ஆட்டிச நிறமாலைச் சேவை என்ற சிறிய குழுவும் இயங்கிவருகிறது. வயதுவந்தோருக்கான நல்ல சேவைக்கு எடுத்துக்காட்டாக அக்குழு பலராலும் சுட்டப்படுவது.

ஒரே வட்டாரம், ஒரே சட்டம், ஒரே தேசிய சுகாதார சேவை. அப்படியிருந்தும் மிக நல்லதும் மிக மோசமானதும் பக்கத்துப் பக்கத்தில் எப்படி நடந்தன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பணம் போதவில்லை என்பது பாதி விடைதான். வின்டர்போர்ன் வியூவில் ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு செலவிடப்பட்டது. பிரிஸ்டல் குழு அந்தப் பணத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தபோது

1962இல் லண்டனில் ஒன்றுகூடிய பெற்றோர் சிலர் தொடங்கியதுதான் இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் தேவை. 1965இல் சிபில் எல்கர் என்ற ஆசிரியையின் தலைமையில் பள்ளி ஒன்று அமைந்தது. பத்தாண்டுக்குள் அப்பிள்ளைகள் பள்ளி வயதைக் கடந்தார்கள். அடுத்து எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அக்காலத்தில் இருந்த விடைகள் இரண்டே: வீடு, அல்லது பெரிய மனநல மருத்துவமனையின் நீண்டகால வார்டு. மூன்றாவது விடையாகத்தான் சாமர்செட் கோர்ட் வாங்கப்பட்டது. நாட்டுப்புறத்தில் பெரிய வீடு, சுற்றிலும் நிலம், தெரிந்த முகங்கள், மாறாத நாளொழுங்கு. அன்றைய நிலையில் அது துணிச்சலான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர் என்றால் ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் இருப்பவர் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே வேரூன்றியது.

அந்த எண்ணத்துக்குள் அடங்காதவர்களே மிகப் பெரும்பான்மையினர் என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் வழியாக ஆஸ்பெர்கர் நிலை ஆங்கில மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தபோது, சரளமாகப் பேசுபவர்கள், தேர்வில் தேறியவர்கள், வேலைக்குப் போய் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுபவர்கள் ஆகியோரையும் ஆட்டிசத்தின் வரையறைக்குள் பார்க்க வேண்டியதாயிற்று. சேவைகளின் அமைப்பு மட்டும் பழையபடியே இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு குழு, மனநோய் உள்ளவர்களுக்கு மற்றொரு குழு. நுண்ணறிவு ஈவு 70க்கு மேல் என்றால் முதல் குழு ஏற்காது. மனச்சிதைவோ கடும் மனச்சோர்வோ இல்லையென்றால் இரண்டாவது குழு ஏற்காது. மனச்சோர்வு இருந்தாலும், இது ஆட்டிசத்தால் வந்தது, எங்கள் வேலை அன்று என்று திருப்பி அனுப்பும். இந்த அலைக்கழிப்பில் பலருடைய இருபதுகளும் முப்பதுகளும் கழிந்தன.

2007இல் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட வயதுவந்தோர் மனநலக் கணக்கெடுப்பில், லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதன்முறையாக ஆட்டிசத்தையும் சேர்த்து அளந்தார்கள். வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 1% பேர் ஆட்டிச நிலையாளர்கள் என்று தெரிந்தது. வயது கூடக்கூட விகிதம் குறையவில்லை. அதாவது, ஆட்டிசம் புதிதாகப் பெருகிய ஒன்றன்று, முதியவர்களிடமும் அதே அளவில் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. மார்ட்டின் நாப்பும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட பொருளாதார மதிப்பீட்டின்படி, ஆட்டிசத்தால் பிரிட்டனுக்கு ஏற்படும் ஆண்டுச் செலவான சுமார் 28 பில்லியன் பவுண்டில் 25 பில்லியன் வயதுவந்தவர்களைச் சார்ந்தது. விவாதமும் நிதி திரட்டலும் குழந்தைகளைச் சுற்றியே நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த கணக்கு இது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

2009 ஜூனில் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தணிக்கைத் துறை ஆட்டிசத்தைப் பற்றி எழுதுவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அரசை அசைத்தது அந்த அறிக்கையின் கணக்குதான். அறிவுசார் குறைபாடு இல்லாத வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களில் 4% பேரைச் சிறப்புக் குழுக்கள் கண்டறிந்து ஆதரவளித்தாலே, அக்குழுக்களுக்கு ஆகும் செலவு காலப்போக்கில் ஈடாகிவிடும். அந்த விகிதம் 8% ஆனால் ஆண்டுக்கு 67 மில்லியன் பவுண்டு மிச்சப்படும். ஆய்வில் கருத்துக் கேட்கப்பட்ட குடும்ப மருத்துவர்களில் 80% பேர் ஆட்டிசம் குறித்துத் தங்களுக்குக் கூடுதல் வழிகாட்டுதலும் பயிற்சியும் தேவை என்று ஒப்புக்கொண்டதையும் அறிக்கை பதிவுசெய்தது.

அதே ஆண்டு ஷெரில் கில்லன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, தேசிய ஆட்டிசச் சங்கத்தின் இடைவிடாத முயற்சியோடு நிறைவேறி, நவம்பர் 12 அன்று ஆட்டிசச் சட்டம் 2009 ஆயிற்று. குறிப்பிட்ட ஒரு மாற்றுத்திறன் நிலைக்கென்றே இங்கிலாந்தில் இயற்றப்பட்ட முதல் சட்டம் அது. (இந்தியாவின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இலேயே ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டது என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறோம், சட்டத்தில் பெயர் வருவது எவ்வளவு சிறிய தொடக்கம் என்பதற்கும் அதுவே சான்று.) ஒருசில பக்கங்களே உள்ள இந்தச் சட்டம் அரசுக்கு இரண்டு கடமைகளை விதித்தது: வயதுவந்த ஆட்டிச நிலையாளர்களுக்கான தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட வேண்டும், கண்டறிதல், தேவை மதிப்பீடு, பணியாளர் பயிற்சி, உள்ளூர்த் திட்டமிடல் ஆகியவை குறித்து உள்ளாட்சி மன்றங்களையும் சுகாதார அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதல்களை வெளியிட வேண்டும். 2010 மார்ச்சில் திட்டம் வந்தது, டிசம்பரில் வழிகாட்டுதல் வந்தது. பிறகு 2014இலும் 2021இலும் திட்டம் புதுப்பிக்கப்பட்டது.

சட்டம் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. 2010க்குப் பின் உள்ளாட்சி மன்றங்களின் நிதி வெட்டப்பட்டுக்கொண்டே வந்தது. எனவே, ஒவ்வொரு பகுதியிலும் கண்டறியும் வழி இருக்க வேண்டும் என்ற கட்டளை நிறைவேற, கண்டறிந்தபின் என்ன செய்வது என்ற பகுதி அந்தந்த ஊரின் விருப்பத்துக்கும் வசதிக்கும் விடப்பட்டது. பல ஊர்களில் ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்து, சில மணி நேர மதிப்பீட்டுக்குப் பின் ஓர் அறிக்கையும் சில இணையதள முகவரிகள் அச்சிட்ட தாளும் பெற்று வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதில் தன் வாழ்க்கையின் விளக்கம் கையில் கிடைத்தவருக்கு அன்றிரவு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை.

பிரிஸ்டல் குழுவின் அமைப்பு

தேசிய சுகாதார சேவையின் பகுதியான, ஏவன், வில்ட்ஷைர் பகுதிகளுக்கான மனநல அறக்கட்டளையின் கீழ் இயங்கும் பிரிஸ்டல் குழு, தொடக்கத்திலிருந்தே கண்டறிதலை முடிவாகக் கருதவில்லை. உளவியலாளர், செவிலியர், அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று பல துறையினர் சேர்ந்த சிறு குழு அது. அதன் வேலை மூன்று வகை: கண்டறிவது, கண்டறியப்பட்டவர்களுக்கு ஆலோசனை நேரம் ஒதுக்கித் தொடர்ந்து வழிகாட்டுவது, ஊரில் உள்ள மற்ற சேவைகளில் வேலை செய்பவர்களுக்குக் கற்பிப்பதும் அவர்கள் தடுமாறும்போது துணை நிற்பதும். மூன்றாவதுதான் இதில் நுட்பமானது. ஒரு நகரத்தின் ஆட்டிச நிலையாளர் எல்லோரையும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு காலமெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது. ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர், வேலைவாய்ப்பு அலுவலர், வீட்டுவசதி அலுவலகத்தின் எழுத்தர் ஆகியோர் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதும் இது எங்கள் வேலை அன்று என்று சொல்லாமலிருக்க அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு தொலைபேசி அழைப்பும் அரை மணி நேர விளக்கமும்தான்.

ஆலோசனை நேரத்துக்கு வருபவர்கள் கொண்டுவருகிற சிக்கல்கள் பெரும்பாலும் மருத்துவச் சிக்கல்களாகவே இருப்பதில்லை. உதவித்தொகைப் படிவத்தின் ஒரு கேள்வி புரியவில்லை. மேல்வீட்டுக்காரரின் சலவை இயந்திரம் இரவு பதினொன்றுக்கு ஓடுகிறது. மேலாளர் ‘முடிந்தபோது அனுப்புங்கள்’ என்று எழுதியிருக்கிறார், எப்போது அனுப்புவது? இவற்றை அற்பம் என்று நினைப்பவர்கள், இவற்றால் எத்தனை வேலைகளும் வாடகை வீடுகளும் கைவிட்டுப் போயின என்பதை அறியாதவர்கள். மேலாளரின் கடிதத்தில் ‘வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள்’ என்று மாற்றி எழுதச் செய்வதற்கு மருந்துச்சீட்டு தேவையில்லை.

2012 ஜூனில் நைஸ் எனப்படும் தேசிய மருத்துவத்தர நிறுவனம் வயதுவந்தோர் ஆட்டிசம் குறித்து வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய பல்துறைச் சிறப்புக் குழு ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும் என்றது. ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றுவதற்காக மனநோய் எதிர்ப்பு மருந்துகளைத் தரக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. அதே ஆவணத்தில் என் கவனத்தை ஈர்த்தது அறைகளைப் பற்றிய பகுதி. எதிரில் அமர்பவர் குறைந்தது ஒரு கை நீளம் தள்ளி அமர வேண்டும். சுவரிலும் இருக்கையிலும் கோலமும் கட்டமும் வேண்டாம், கிரீம் போன்ற மங்கிய நிறம் போதும். டியூப்லைட்டைக் குறைக்க வேண்டும். சத்தத்தை அடக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிச நிலையாளரைக் குறிக்க ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற சொல் புழங்குவதை இங்கே நினைத்துக்கொண்டேன். புற உலகம் அவர்களுக்குள் வராததன்று, அளவுக்கு மீறி வருவதே அவர்களில் பலருடைய தொல்லை. டியூப்லைட்டின் ரீங்காரம் மற்றவருக்குக் காதில் விழுவதே இல்லை. அவருக்கோ எதிரில் பேசுபவரின் குரலைவிட அதுதான் உரக்கக் கேட்கிறது.

‘முடியும்’ என்ற சொல்

2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புச் சட்டம் 2014, இங்கிலாந்தில் ஒருவருக்கு அரசு ஆதரவு பெறும் தகுதி உண்டா என்பதைத் தீர்மானிக்கப் பத்து வாழ்க்கைப் பயன்களைப் பட்டியலிட்டது. உணவு, தூய்மை, கழிப்பறை, உடை, வீட்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது, வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது, உறவுகளைப் பேணுவது, வேலை அல்லது கல்வி, பொதுப்போக்குவரத்து உள்ளிட்ட ஊர் வசதிகள், குழந்தை வளர்ப்பு ஆகியவை அவை. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ ஒருவரால் அடைய முடியாமல், அதனால் அவருடைய நல்வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால் அவர் தகுதியுடையவர்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் எங்கே வழுக்குகிறது என்பதைக் காட்ட, ஒரு மதிப்பீட்டு உரையாடலை இங்கே அமைத்துக்கொள்கிறேன்; இது எவருடைய கோப்பிலிருந்தும் எடுத்ததன்று. தனியே வாழும் 26 வயது இளைஞர், எதிரில் சமூகப் பணியாளர்.

“உங்கள் சாப்பாட்டை நீங்களே சமைத்துக்கொள்வீர்களா?”

“சமைக்க முடியும்.”

“குளிப்பது, உடை மாற்றுவது?”

“முடியும்.”

“பஸ்ஸில் போய்வர முடியுமா?”

“முடியும்.”

மூன்று கட்டங்களில் மூன்று குறிகள் விழுந்துவிட்டன. இளைஞர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மிகச் சரியான விடையைத்தான் சொன்னார். அடுத்த வாரம், ஆட்டிசம் தெரிந்த வேறொரு பணியாளர் அதே மேசையில் அமர்ந்து வேறு விதமாகக் கேட்கிறார்.

“நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?”

“பிரெட்.”

“முந்தாநாள்?”

“பிரெட்.”

“கடைசியாக அடுப்பு பற்றவைத்தது எப்போது?”

“சனிக்கிழமை. அம்மா வந்திருந்தார். ‘மணி ஒன்றாகிவிட்டது, சமைக்கலாம் வா’ என்றார்.”

“பஸ்ஸில் மேல்மாடி முன் இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்?”

“இறங்கி நடப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம்.”

சட்டத்தின் விதிமுறைகள் இந்த இரண்டாவது உரையாடலுக்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கின்றன. பிறர் உதவியில்லாமல் ஒன்றைச் செய்ய முடியாவிட்டாலும், செய்தால் கடும் வலியோ மனவேதனையோ ஏற்பட்டாலும், செய்வது தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக முடியக்கூடும் என்றாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தாலும் அவரால் அது ‘முடியாது’ என்றே கொள்ள வேண்டும். உதவி என்பதில் நினைவூட்டலும் தூண்டலும் அடங்கும். மணி ஒன்றாகிவிட்டது என்று அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியமே சட்டத்தின் பார்வையில் ஓர் உதவி. மதிப்பிடுபவருக்கு அந்நிலை குறித்துப் போதிய அறிவும் திறனும் இருக்க வேண்டும் என்பதும் விதியே. பயிற்சி பெறாதவர் செய்த மதிப்பீட்டில் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவர் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய உரிமை இது. ஆனால், கேட்பதே மிகக் கடினமாக இருக்கும் ஒருவரிடம் கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்வதில் உள்ள முரணைச் சட்டத்தால் தீர்க்க முடியவில்லை. சேவையை மேம்படுத்த ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால், மதிப்பீட்டுக் கேள்விகளில் ‘முடியுமா’ என்பதை நீக்கிவிட்டு ‘கடைசியாக எப்போது செய்தீர்கள், யார் உடனிருந்தார்கள்’ என்று கேட்கச் சொல்வேன்.

தொலைவில் வைக்கப்பட்டவர்கள்

வின்டர்போர்ன் வியூ 2006இல் தொடங்கப்பட்டது, 24 படுக்கைகள். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களை மதிப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் என்று சொல்லி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கே அனுப்பினார்கள். மூத்த செவிலியர் ஒருவர் எழுத்து மூலம் எச்சரித்தும், பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் ஆணையம் செயல்படவில்லை. 2011 மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, மறைகேமராவில் பதிவான அடி உதைகளையும் குளிர்நீர்க் கொடுமைகளையும் ஒளிபரப்பியது. அடுத்த மாதமே மருத்துவமனை மூடப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட 11 பணியாளர்களுக்கு 2012 அக்டோபரில் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு பேர் சிறை சென்றார்கள்.

மார்கரெட் ஃப்ளின் எழுதிய விசாரணை அறிக்கையில், கொடுமைகளைவிட என்னை நிறுத்திவைத்தவை அதில் உள்ள எண்ணிக்கைகள். உள்ளாட்சி மன்றத்துக்கு வந்த பாதுகாப்புப் புகார்கள் 40. காவல்துறை பதிவுசெய்த சம்பவங்கள் 29. நோயாளிகள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது 78 முறை. யாருக்குமே தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. மூன்று அலுவலகங்களுக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி தெரிந்திருந்தது. மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. பணம் கட்டிய ஊரோ வெகுதொலைவில் இருந்தது. ஒருவரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அனுப்பிய சுகாதார அலுவலருக்கு, மாதந்தோறும் வரும் கட்டணச்சீட்டே அவர் உயிரோடும் நலத்தோடும் இருப்பதற்கான சான்றாகிவிட்டது.

2012 டிசம்பரில் அரசு, மருத்துவமனைகளில் தேவையின்றி வைக்கப்பட்டுள்ள எல்லோரையும் 2014 ஜூனுக்குள் சமூகத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதாக வாக்களித்தது. நடக்கவில்லை. 2015 அக்டோபரில், படுக்கைகளின் எண்ணிக்கையை 2019 மார்ச்சுக்குள் 35 முதல் 50% வரை குறைப்பதாக இன்னொரு திட்டம். அதுவும் குறித்த நாளில் நிறைவேறவில்லை. 2024இலும் சுமார் 2,000 பேர் உள்ளே இருந்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் எண்ணிக்கை குறைந்துவந்த அதே ஆண்டுகளில், அறிவுசார் குறைபாடு இல்லாத ஆட்டிச நிலையாளர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. முன்னவர்களுக்கு வெளியே ஒரு குழு இருந்தது. பின்னவர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் அப்படி எதுவும் இல்லை. இந்த ஒப்பீட்டைவிடத் தெளிவான ஆதாரம் தேவையா என்று தெரியவில்லை.

வின்டர்போர்ன் வியூ இலாப நோக்குடைய நிறுவனம் என்பதால் அப்படி நடந்தது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. பெற்றோர்கள் கனவோடு தொடங்கிய சாமர்செட் கோர்ட் வளாகத்திலேயே இருந்த மெண்டிப் ஹவுஸ் என்ற இல்லத்தில், பணியாளர்கள் சிலர் அங்கிருந்தவர்களைக் கேலிசெய்து துன்புறுத்தியது 2016இல் வெளிப்பட்டு, அவ்வாண்டே இல்லம் மூடப்பட்டது. 2018 தொடக்கத்தில் வந்த அந்த விசாரணை அறிக்கையையும் மார்கரெட் ஃப்ளின்தான் எழுதினார். அங்கும் அனுப்பிய ஊர்கள் பல, பார்க்க வந்தவர்கள் குறைவு.

ஒரு மருத்துவமனைக் கோப்பு

ஆலிவர் மெக்கோவனின் நிகழ்வு வேறு வகை. அவர் தொலைவில் வைக்கப்பட்டவர் அல்லர். பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆட்டிசம், இலேசான அறிவுசார் குறைபாடு, வலிப்பு, பெருமூளை வாதம் ஆகியவற்றோடு வாழ்ந்த, கால்பந்து ஆடிய இளைஞர். 2016 அக்டோபரில் வலிப்புக்காகச் சவுத்மீட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனநோய் எதிர்ப்பு மருந்துகள் தமக்கு ஒத்துக்கொள்வதில்லை, முன்பு மோசமான விளைவுகள் ஏற்பட்டன என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அவருக்கு மனநோய் எதுவும் இல்லை. இருந்தும், வலிப்பின்போது அவரிடம் தென்பட்ட பதற்றத்துக்காக ஓலன்சபின் என்ற மனநோய் எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டது. அதன் விளைவாக உடல் வெப்பம் கட்டுமீறி உயரும் அரிய நிலை உண்டாகி மூளை வீங்கியது. நவம்பர் 11 அன்று இறந்தார். அந்த மருந்தைக் கொடுத்தது சரியே என்று மரண விசாரணையில் முடிவானது. 2020 அக்டோபரில் வெளியான சுயேச்சையான மறுஆய்வு, தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்றது.

இது ஒரு மருத்துவரின் தவறு என்று நிறுத்திக்கொள்ள முடியாதபடி பின்னணி ஒன்று இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள வயதுவந்தோரில் நாள்தோறும் 30,000 முதல் 35,000 பேர் வரை, உரிய மனநோய்க் கண்டறிதல் இல்லாமலே மனநோய் எதிர்ப்பு மருந்தையோ மனச்சோர்வுக்கான மருந்தையோ இரண்டையுமோ உட்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இலேயே மதிப்பிட்டிருந்தது. பதற்றம் என்பது மொழி. வலி, வெளிச்சம், சத்தம், தெரியாத முகம், சொல்லாமல் மாறிய நேரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை அது சொல்கிறது. அதைப் படிக்கத் தெரியாத வார்டில் அதற்கு ஊசியே பதிலாகிறது.

ஆலிவரின் தாய் பௌலா மெக்கோவன் தொடுத்த இயக்கத்தின் பயனாக, சுகாதாரம் மற்றும் பராமரிப்புச் சட்டம் 2022 ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்தது. பதிவுபெற்ற சேவை நிறுவனங்கள் யாவும் தம் பணியாளர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை குறித்து அவரவர் பணிக்கேற்ற பயிற்சி அளிக்க வேண்டும். ஆலிவரின் பெயரையே தாங்கிய அப்பயிற்சியில் ஆட்டிச நிலையாளரும் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் பயிற்றுநர்களாகவே முன்னே நிற்கிறார்கள். இணையப் பாடத்தைப் பார்த்து முடித்ததற்கான சான்றிதழை அச்சிட்டுவிட்டு, இந்த நேரடிப் பகுதியைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் இருக்கவே செய்யும். எனக்கு நம்பிக்கை தருவது அந்த நேரடிப் பகுதி மட்டுமே.

பல மருத்துவமனைகளில் இப்போது புழங்கும் ‘மருத்துவமனைக் கடவுச்சீட்டு’ என்ற சில பக்கத் தாளையும் இங்கே சொல்ல வேண்டும். என்னைத் தொடுமுன் சொல்லுங்கள், எனக்கு வலித்தால் சிரிப்பேன், இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இவரிடம் கேளுங்கள் என்று ஒருவரைப் பற்றிய அறிவு அவரோடு பயணிக்க உதவும் தாள் அது. ஆலிவரின் நிகழ்வு காட்டுவதோ, எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதை. தாள் கோப்பில் இருக்கும்போதே அதற்கு எதிரான முடிவு எடுக்கப்படலாம்; அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அருகில் நிற்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இன்றைய நிலை

நல்ல குழு எப்படி இருக்கும் என்று பிரிஸ்டல் காட்டிவிட்டது. ஆனால் அதே வகைக் குழுக்கள் எல்லா ஊர்களிலும் வரிசையில் மூச்சுத்திணறுகின்றன. பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது நைஸ் வகுத்த தரம். 2025இல் இங்கிலாந்தில் ஆட்டிச மதிப்பீட்டுக்குக் காத்திருந்தோர், சிறுவரும் பெரியவரும் சேர்த்து, இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டனர். வரிசை நீண்டதும் நிர்வாகங்கள் முதலில் கைவைத்தது, கண்டறிந்தபின் தரப்படும் ஆலோசனை நேரத்தில். ஏனெனில் வரிசையின் நீளம் தொடர்ந்து வெளியிடப்படுகிறது, ஆலோசனை நேரத்தில் காப்பாற்றப்பட்ட வேலைகளும் வீடுகளும் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. ராபர்ட் பக்லண்ட் தலைமையில் 2024 பிப்ரவரியில் வெளியான வேலைவாய்ப்பு ஆய்வின்படி, வேலை செய்யும் வயதுடைய ஆட்டிச நிலையாளர்களில் பத்தில் மூவரே வேலையில் இருந்தார்கள். தணிக்கை அலுவலகம் 2009இல் போட்ட கணக்கு, இந்த எண் உயர்வதை நம்பித்தான் போடப்பட்டது.

2024 நவம்பரில் மனநலச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உடன் மனநோய் எதுவும் இல்லாத நிலையில், ஆட்டிசத்தையோ அறிவுசார் குறைபாட்டையோ மட்டும் காரணம் காட்டி ஒருவரை 28 நாள் மதிப்பீட்டுக் காலத்துக்கு மேல் சிகிச்சைக்கென்று மருத்துவமனையில் அடைத்துவைக்க முடியாது என்பது அதன் முக்கியமான கூறு. குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த மாற்றம். ஆனால், வெளியே போதிய சமூக ஆதரவுச் சேவைகள் அமைந்தபிறகே அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவருவோம் என்று அரசு சொல்லியிருக்கிறது. அச்சேவைகளை அமைக்கச் சொல்லித்தான் 2009இன் சட்டம் இயற்றப்பட்டது.